கண்ணாடி இல்லாத வீடு

கொல்லிமலையின் வாசலூர்பட்டி படகுத் துறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்; பாதி வழியிலேயே பிள்ளைகளுக்கு வாந்தி. 1913-இல் இந்த ரோடு கிடையாது. அந்த ஆண்டு கல்யாணமான கையோடு, கொட்டும் மழையில் கொல்லிமலை ஏறி வந்தார் ஈவ்லின் என்ற லண்டன் பெண். கணவர் ஜெஸ்ஸி பிராண்ட், கட்டட வேலை தெரிந்தவர். ஒரு வருடம் வைத்தியமும் படித்திருந்தார்.

வாழவந்திநாட்டில் தங்கினார்கள். வந்தது மதம் பரப்பத்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மலை ஜனங்களுக்கு முதலில் தேவைப்பட்டது மருந்து. அப்போது நரம்புச் சிலந்தி நோய் இங்கே சர்வசாதாரணம். காலில் கொப்புளம் கட்டி, உடைந்து, நூல் போலப் புழு தலைநீட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து உள்ளே சீழ் வைக்கும். ஒரு குச்சியில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி அதைச் செய்தார். செய்துகொண்டே புழு எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிக்கொடுத்தார். புண் காலோடு கிணற்றில் இறங்கினால் தண்ணீரில் குஞ்சு பரவும், அதைக் குடித்தவருக்கு நோய். ஆகவே கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பு, மேலே நின்று இறை. என்னைக் கேட்டால் இந்த மலையில் அவர் நடத்திய முதல் வகுப்பு அந்தச் சுவர்தான். ஊர்ப் பள்ளிகள், தச்சுப் பட்டறை, ஆரஞ்சுத் தோட்டம் எல்லாம் அந்த வரிசையில் சேர்ந்தவை.

மருந்தோடு பாடமும் கொண்டுபோனவர் ஜெஸ்ஸி மட்டுமல்ல. வங்காளத்துக் கல்விச் சீர்திருத்தவாதி வித்யாசாகரும் கடைசிக் காலத்தில் கல்கத்தாவை விட்டு விலகி, சந்தால் மக்கள் வாழ்ந்த கர்மாடாரில் போய் உட்கார்ந்தார். அங்கே இரவுப் பள்ளி நடத்தினார், ஹோமியோபதி மருந்தும் கொடுத்தார். சிலேட்டும் மருந்துப் பெட்டியும் அங்கேயும் ஒன்றாகத்தான் இருந்தன.

பிராண்ட் வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மாவே வாத்தியார். மகன் பால் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து கணக்குப் போட்டு, தாளைக் கீழே போடுவான். ஈவ்லின் எடுத்துத் திருத்துவார். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அந்தப் பையன்தான்.

1929-இல் கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோனது. வயது 44. எழுபதை நெருங்கும்போது ஈவ்லினை ஓய்வு பெறச் சொன்னது மிஷன். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறிவிட்டார் பாட்டி. குதிரையிலிருந்து விழுந்து அடிபட்ட பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். ஒரு காலத்தில் ஓவியம் படித்தவர். கடைசி இருபது வருடம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை.

1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். மலையில், ஜெஸ்ஸியின் பக்கத்திலேயே அடக்கம்.