குளிக்கக் குளிக்க நாறும் பிராணி

பெங்களூரில் யாரோ ஆசைக்கு வாங்கி, வாடை தாளாமல் கைவிட்ட ஃபெரெட் ஒன்று, ஓசூர் சிப்காட் பக்கம் உள்ள உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாகக் கொள்வோம். நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட இதைப் பலரும் கீரி என்பார்கள். இது கீரியினம் அன்று. ஐரோப்பாவின் போல்கேட் என்னும் காட்டு விலங்கிலிருந்து, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் பழக்கியெடுத்த பிராணி. நம் பக்கத்தில் இதற்கு உறவு தேடினால் காவிரியில் நீந்தும் நீர்நாயைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் நாளே வாளியும் சோப்புமாக அதை நெருங்காதீர்கள்!

நாற்றம் இரு வழிகளில் வருகிறது. குதத்தின் இருபுறமும் உள்ள சிறு சுரப்பிகள், பிராணி மிரளும்போது ஒரு நீரை வெளியிடுகின்றன. அதில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. வெங்காயம், பூண்டின் நெடிக்கும் கந்தகச் சேர்மங்களே காரணம். இவை விரைவில் ஆவியாவதால் சில நிமிடங்களில் நெடி அடங்கிவிடும். புது இடத்தில் பயம் தெளியத் தெளிய இதுவும் குறையும்.

விடாமல் வீசும் கஸ்தூரி வாடை வேறு. அது தோல் முழுதும் பரவியுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் வேலை. சோப்பு அந்த எண்ணெயை அடியோடு கழுவிவிடுகிறது. வறண்ட தோல் இழப்பை ஈடுகட்ட முன்னிலும் அதிகமாகச் சுரக்கிறது. வாடை மிகுகிறது; மறுபடி குளியல், மறுபடி வாடை! இச்சுரப்பிகளைத் தூண்டுபவை பால் ஹார்மோன்கள். ஆகவே கருத்தடை செய்தால் வாடை வெகுவாகத் தணியும். சில நாடுகளில் குதச் சுரப்பிகளை அறுத்தெடுப்பதுண்டு. தோலின் வாடை அதனால் போவதில்லை; வீண் வேதனைதான்.

வாடை தங்குவது படுக்கைத் துணியில். அதை வாரந்தோறும் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். மூலையில் மலம் கழிப்பது இதன் வழக்கம், தினமும் அள்ளிவிடுங்கள். மாதம் ஒரு குளியலே அதிகம்: வெதுவெதுப்பான நீர், பூனைக்குட்டிக்கான ஷாம்பு. ஓசூரின் மார்கழிக் குளிரில் ஈரத்தோடு விடலாகாது. நாய்க்கான உண்ணி மருந்தை மருத்துவரைக் கேளாமல் தடவாதீர்கள். வாயோ காதோ நாறினால் அது நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

வாடையைவிடப் பெரிய கவலை வெயில். வியர்த்துத் தணியும் வசதி இதற்கு இல்லை. 30 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே தவிக்கும். கிருஷ்ணகிரிக் கோடையில் தகரக் கூரையின்கீழ் உயிரே போய்விடும்.

உங்களுக்குச் சளிக்காய்ச்சல் என்றால் அதைத் தூக்காதீர்கள், தொற்றிக்கொள்ளும். 1933-இல் லண்டனில் மனித இன்ஃபுளூயன்சா வைரஸைப் பிரித்தறிய உதவியது ஃபெரெட்டே. 1936-இல் அந்தக் கடன் திரும்பி வந்தது: ஒரு ஃபெரெட் தும்மியதில் ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாரிசுக்கே காய்ச்சல் கண்டது.