அரசுகள் மாறலாம், நம் அரசர் மாறுவதில்லை



தேர்தல் நெருங்கும்போதும் ஆட்சி ஆட்டம் காணும்போதும் நம் உள்ளங்களில் கலக்கம் குடிபுகுகிறது. நம் பிள்ளைகளின் எதிர்காலம் என்னவாகும், நம் பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் என்ன நேருமோ என்று அஞ்சுகிறோம். ஒரே பங்கில், ஒரே திருப்பலியில் பங்குபெறும் நாமே கட்சியின் பெயரால் முகம்கொடுத்துப் பேசாமல் போவதும் உண்டு. 'எல்லாம் ஆண்டவர் கையில்' என்று வாய் சொல்கிறது. உள்ளமோ நடுங்குகிறது.

இத்தகைய கலக்கமான காலத்தில்தான் கிறிஸ்து அரசர் பெருவிழா பிறந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முதல் உலகப் போரின் முடிவில் ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி நாடுகளின் பேரரசர்கள் அரியணை இழந்தனர். 1922ல் இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்தார். யாரை நம்புவது என்று மக்கள் திகைத்து நின்ற அந்நாட்களில், 1925 டிசம்பர் 11 அன்று திருத்தந்தை 11ம் பயஸ் இவ்விழாவை ஏற்படுத்தினார்.

அதே 1925ல் மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த மிகுவேல் புரோ என்ற இயேசு சபைத் துறவி, பெல்ஜியத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறு ஆண்டு அவர் தாய்நாடு திரும்பியபோது, அரசின் கடும் சட்டங்களால் அங்கே பொது வழிபாடுகள் நின்றுபோயின. தந்தை புரோ மாறுவேடத்தில் வீடு வீடாகச் சென்று நற்கருணை வழங்கினார். ஏழைக் குடும்பங்களுக்கு உணவு சேர்த்துக் கொடுத்தார். 1927 நவம்பர் 23 அன்று, விசாரணை ஏதுமின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார். தம்மைக் கொல்ல நின்றவர்களை மன்னித்து, கைகளைச் சிலுவை வடிவில் விரித்து, "கிறிஸ்து அரசர் வாழ்க" என்று முழங்கியே உயிர்விட்டார். 1988ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

இறைவன் ஆள்கிறார் என்றால், நாம் விரும்பும் அணி வெற்றிபெறும் என்பது பொருளல்ல. தந்தை புரோவைத் துப்பாக்கி விட்டுவைக்கவில்லை. ஆனால் அச்சமோ வெறுப்போ அவரது உள்ளத்தை ஆள முடியவில்லை. அங்கே வேறோர் அரசர் ஏற்கெனவே வீற்றிருந்தார். பிலாத்துவின் முன் முள்முடி சூடி நின்ற அந்த அரசரே நம் அரசரும்.

இந்த நம்பிக்கை நம்மைச் சோம்பேறிகளாக்குவதில்லை. ஆண்டவரை நம்பிய தந்தை புரோ கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. நாமும் மனச்சான்றின்படி வாக்களிப்போம். அநீதியைக் கண்டால் துணிந்து பேசுவோம். அதே வேளையில், ஆட்சியாளர்கள்மேல் நம்பிக்கை வைக்க வேண்டாம் என எச்சரிக்கும் 146ஆம் திருப்பாடலை நினைவில் கொண்டு, எந்தத் தலைவரையும் மீட்பராக்காமல் இருப்போம். அதிகாரத்தில் இருப்போர் அனைவருக்காகவும் மன்றாடுமாறு பவுல் திமொத்தேயுவுக்கு எழுதினார். நாம் வாக்களிக்காதவருக்காகவும் இன்றிரவு குடும்ப செபத்தில் மன்றாடுவோமா? கட்சியின் பெயரால் பேசாதிருக்கும் அயலாரின் வீட்டுக்கு நாமே முதலில் சென்று வருவோமா?

ஆண்டவரே, அரசுகள் அசையும் நாளிலும் எங்கள் உள்ளங்களை நீரே ஆண்டருளும். ஆமென்.