ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சீட்டு

கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் வந்து மின்சார ரயில் ஏறுகிறவர்களுக்குச் ‘சானடோரியம்’ என்பது ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்த பெயர் அது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு என்பதே அன்று டிபிக்குத் தெரிந்த வைத்தியம். மாத்திரைகள் வந்துசேர்ந்த பிறகு, மருந்து கையில் இருக்கும்போது படுக்கை எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை காண 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான்.

அந்த மையத்தின் முதல் ஆய்வில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். எல்லாருக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரு மருந்துகள், ஓராண்டுக்கு. யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் போவது என்பதை மட்டும் மருத்துவர்கள் முடிவு செய்யவில்லை, குலுக்கலுக்கு விட்டார்கள். மருத்துவர் கையில் விட்டிருந்தால், மெலிந்து துவண்டவர்களைப் படுக்கைக்கும் தெம்பாக இருப்பவர்களை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார். அது இரக்கம்தான். ஆனால் ஆண்டு முடிவில் சானடோரியத்தில் குணமாகாதவர்கள் அதிகம் என்று தெரிந்தால், குறை இடத்திலா, நோயின் கடுமையிலா என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிருக்கும். குலுக்கல் அந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. ஓராண்டில் நோய் அடங்கியவர்கள் வீட்டுத் தரப்பில் 86 சதவீதம், சானடோரியத் தரப்பில் 92 சதவீதம். நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு, வேலைக்கு ஓட வேண்டிய கட்டாயம் எல்லாம் இருந்தும் வித்தியாசம் அவ்வளவுதான். உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை மருத்துவமனையை விட்டு வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு.

இரண்டாம் ஆண்டில் அவர்கள் செய்தது அதிகம் பேசப்படுவதில்லை. நோய் அடங்கியவர்களுக்கு மருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா? அன்று யாருக்கும் தெரியாது. எனவே அவர்களிடையே மறுபடியும் குலுக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஐசோனியசிட், மறு பிரிவுக்குப் பார்வைக்கு மருந்துபோல இருக்கும் வெற்று மாத்திரை. சிகிச்சை பல கட்டங்களாக நடக்கும் எந்த ஆய்வுக்கும் இதுவே சரியான முறை என்பது என் வாதம்: விடை தெரியாத ஒவ்வொரு திருப்பத்திலும் புதிதாகச் சீட்டு எடுக்க வேண்டும். முதல் சீட்டு முதல் கட்டத்துக்கு மட்டுமே நியாயம் செய்யும். ஓராண்டு கழித்து நிற்பவர்கள் பழைய கூட்டம் அல்ல. சிலர் தேறிவிட்டார்கள், சிலர் தேறவில்லை, சிலர் வராமல் நின்றுவிட்டார்கள். இரண்டு சீட்டையும் ஆரம்பத்திலேயே எடுத்து உறையில் போட்டு வைக்கலாமே என்று தோன்றும். வைத்தால், இரண்டாம் கட்டத்துக்கு வந்து சேராதவர்களின் சீட்டுகள் வீணாகிப் பிரிவுகளின் சமநிலை குலையக்கூடும். திருப்பத்துக்கு வந்தவர்களிடையே, முதல் கட்டத்தில் அவர்கள் எப்படித் தேறினார்கள் என்று வகைபிரித்து, அங்கேயே குலுக்குவதுதான் நம்பகமானது. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையிலும் இந்த நுட்பம் உண்டு. அண்மையில் வாரியத்தில் இருந்தவர் பெயர் அடுத்த குடத்தில் விழாது. வரலாறு தகுதியைத் தீர்மானிக்கும். தகுதியுள்ளவர்களிடையே ஓலை தீர்மானிக்கும்.

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனி ஆய்வாக நடத்தினால் போதாதா என்று கேட்கலாம். போதாது, முதல் கட்டத்தில் செய்தது இரண்டாம் கட்டத்தின் கையைக் கட்டிப்போடும். அதே சென்னை மையம் அடுத்த ஆய்வில் ஐசோனியசிடைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தது. இரு மருந்துக் கூட்டு அளவுக்கு அது பலிக்கவில்லை. பலிக்காதவர்களில் பலருக்கு அந்த மருந்துக்கே மசியாத கிருமிகள் வளர்ந்திருந்தன. பிறகு ஐசோனியசிடை நம்பி எந்தக் கூட்டைக் கொடுப்பது? ஆகவே ஒப்பிட வேண்டியது தனித்தனி மருந்துகளை அல்ல. ‘இதில் தொடங்கி, தேறினால் இது, தேறாவிட்டால் அது’ என்ற முழுப் பாதைகளை. இரண்டாம் கட்டத்தை எட்டியவர்களை மட்டும் எண்ணி முதல் கட்டத்துக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் உண்டு. முதலாவது, நோயாளியின் விருப்பம் என்ன ஆவது? அமெரிக்காவில் மனச்சோர்வுக்காகச் சுமார் 4,000 பேரிடம் நடந்து, 2006இல் முடிவுகள் வெளியான ‘ஸ்டார்-டி’ ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. முதல் மருந்தில் குணமாகாதவர்கள், மருந்தை மாற்றச் சம்மதமா, இருப்பதோடு இன்னொன்றைச் சேர்க்கச் சம்மதமா என்று சொல்லலாம். சம்மதித்தவற்றுக்குள் மட்டுமே குலுக்கல். விலையும் இருந்தது: எல்லாவற்றுக்கும் சம்மதித்தவர்கள் மிகச் சிலரே என்பதால், மாற்றுவது நல்லதா, சேர்ப்பது நல்லதா என்பதற்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை. அந்த விலையைக் கொடுக்கலாம். கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. ஒரு சிகிச்சை ஜெயிப்பது தெரிந்துகொண்டே வரும்போது, அடுத்து வருபவர்களை அதற்கே அதிகமாக அனுப்பினால் என்ன? நுரையீரலுக்குப் பதிலாக உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் எக்மோ கருவி, இன்று தமிழ்நாட்டில் எல்லாரும் கேட்ட பெயர். 1985இல் வெளியான மிச்சிகன் ஆய்வில், மூச்சுத் திணறிய 12 பச்சிளம் குழந்தைகளுக்கு இப்படித்தான் ஒதுக்கினார்கள். வெற்றி கூடக் கூட எக்மோவுக்கான வாய்ப்பும் கூடியது. 11 குழந்தைகள் எக்மோவில் பிழைத்தன. பழைய முறையில் விழுந்தது ஒரே குழந்தை, அது இறந்தது. ஒன்றை வைத்து ஒப்பீடு செய்தால் யார் நம்புவார்? சந்தேகம் நீடித்தது. பிரிட்டனில் 185 குழந்தைகளோடு இன்னொரு ஆய்வு நடந்து, 1996இல்தான் எக்மோவின் பலன் உறுதியானது. ஆய்வுக்குள் காட்டிய கருணைக்கு விலையாக, வெளியே இருந்தவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது வாதம், குலுக்கக் குலுக்கக் கூட்டம் சிறுத்துப்போகும் என்பது. உண்மைதான். அதனால்தான் எல்லாத் திருப்பத்திலும் சீட்டு வேண்டியதில்லை. விடை தெரிந்த இடத்தில் குலுக்குவது குற்றம். தெரியாத இடத்தில் தெரிந்ததுபோல் நடிப்பதும் அதற்குக் குறைந்ததல்ல. ஆய்வில் சேரும்படி கேட்கப்படுபவர் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியதும் இதுதான்: முதல் மருந்து பலிக்காவிட்டால் என்னை எங்கே அனுப்புவீர்கள், அதை முடிவு செய்வது யார்? கோவிலம்பாக்கத்தில் டிபி என்று தெரிந்த ஒருவர் இன்று பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே ஆறு மாத மாத்திரையை முடித்து எழுகிறார். அவருக்கு அந்தப் படுக்கை தேவையில்லை என்று நமக்குத் தெரிந்தது, 193 பேர் அந்தக் குலுக்கலில் இடம்பெற்றதால்.