நாற்பத்தேழாம் எண் யாருக்கு?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடந்த இரத்ததான முகாமில் முதன்முதலாகக் கை நீட்டியவர்களில் நானும் ஒருவன். ஊசியைப் பார்க்க அஞ்சித் தலையை மறுபுறம் திருப்பிக்கொண்டேன். அந்தப் பக்கத்து மேசையில் இன்னும் பயன்படுத்தாத இரத்தப் பைகள் கிடந்தன. வேறு வேலை இல்லாததால் பையின்மேல் இருந்த சீட்டை வாசித்தேன். 350 மில்லிலிட்டர் இரத்தம் பிடிக்கும் பை. உள்ளே 49 மில்லிலிட்டர் சி.பி.டி.ஏ. கரைசல், பேட்ச் எண், காலாவதி மாதம், கீழே முகவரி, திருவனந்தபுரம், புளியறக்கோணம். எங்கள் ஊர் திற்பரப்பிலிருந்து அருமனை வழியாக எல்லையைத் தாண்டிப் போனால் எட்டிவிடும் தூரம்தான். கம்பெனியின் பெயர் டெருமோ பென்போல். பெயரில் பாதி ஜப்பான், பாதி பக்கத்து ஊர்!

இந்த இரண்டு பாதிகளும் எப்படி ஒட்டின என்று தேடப் போனதில் விளைந்ததே இக்கட்டுரை.

பென்போல் என்பது பெனின்சுலா பாலிமர்ஸ் என்பதன் சுருக்கம். 1983இல் ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்த சி. பாலகோபால் என்பவர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தார் உருவாக்கிய செய்முறையைக் கொண்டு நிறுவியது. பை வருவதற்கு முன் இரத்தத்தைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்தார்கள். புட்டி உடையும், காற்றுப் புகும். பையிலோ பிடித்த இரத்தத்தை அப்படியே சுழற்றிச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரித்து, வெளிக்காற்றுப் படாமலே பக்கத்துப் பைக்குத் தள்ளிவிடலாம். ஒருவர் கொடுத்தது மூவருக்குப் பயன்படும். டெருமோ 1921இல் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கம்பெனி. 1999இல் இரண்டும் கூட்டாயின. பின்னர் முழுவதும் டெருமோவுக்கே சொந்தமாயிற்று. அதே டெருமோ 2011இல் அமெரிக்காவின் கரிடியன் பி.சி.டி. என்ற கம்பெனியை ஏறத்தாழ 260 கோடி டாலருக்கு வாங்கித் தன் இரத்தப் பிரிவோடு சேர்த்தது. மருத்துவக் கருவித் தொழிலில் இது பெரிய இணைப்பும் அல்ல. 2015இல் மெட்ரானிக் கம்பெனி கொவிடியனை வாங்கியபோது கைமாறியது சுமார் 5,000 கோடி டாலர்.

இப்படிப்பட்ட இணைப்பைப் பற்றிய செய்தி இருவர் கைகுலுக்கும் படத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது? இரண்டு கம்பெனிகளின் இயந்திரங்கள், ஏடுகள், எண்கள், பழக்கங்கள் எப்படி ஒன்றாகின்றன? இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குப் பாதிதான் விளங்கிற்று. மீதியை விளக்கியது எங்கள் ஊர் ரப்பர்ப்பால் சங்கம்.

என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. பிறர் தோட்டத்தில் கூலிக்கு வெட்டுவதோடு, எங்களுக்கென்று இருக்கும் எண்பது மூடு ரப்பரையும் வெட்டுவார். பாலைக் கொடுப்பது ஒரு சிறு சங்கத்தில். அங்கே அவருடைய எண் 47. ஆறு வருடம் அந்த எண்ணில்தான் பணம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் சங்கத்தைப் பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு சேர்த்தார்கள். அந்தச் சங்கத்திலும் ஒரு 47 இருந்தார். புதிய பதிவேட்டில் எங்கள் பாலும் அவருடைய பாலும் ஒரே வரியில் ஏறின. இரண்டு வாரத்துப் பணம், மூவாயிரத்துச் சொச்சம், அவர் பெயருக்குப் போயிற்று. அது என் தேர்வுக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணம். பழைய பதிவேட்டைப் பாருங்கள் என்று அப்பா கேட்டார். "புதுசு வந்தாச்சு, பழசைத் தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம்! "நம்பர் மாறினா ஆளும் மாறிப்போவானா மக்களே?" என்று அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார். எனக்கு அன்று பதில் தெரியவில்லை.

மருத்துவக் கருவிக் கம்பெனிகள் இணையும்போது முதலில் வரும் இடர் இதுவேதான். ஒவ்வொரு கம்பெனியும் தன் ஊசி, குழாய், மூடி, பிளாஸ்டிக் தாள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்திருக்கும். ஒரே எண் இரண்டு இடத்திலும் வெவ்வேறு பொருளைக் குறிக்கலாம். ஒரே பொருளுக்கு இரண்டு எண்கள் இருக்கலாம். இவையாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது வேறொன்று உண்டு. அதற்கும் எங்கள் சங்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

ரப்பர்ப்பாலுக்கு விலை எடையைப் பார்த்து மட்டும் போடுவதில்லை. அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள், டி.ஆர்.சி. என்பது அதுதான். எங்கள் பழைய சங்கத்தில் மெட்ரோலாக் என்னும் கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அளவு பார்ப்பார்கள். ரப்பர் கூடினால் பாலின் அடர்த்தி குறையும், கருவி சற்றே அதிகமாக அமிழும். ஒரு நிமிட வேலை, ஆனால் தோராயமானது. மற்றச் சங்கத்தில் சிறிதளவு பாலை எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, உலர்த்தி, எடை போட்டுக் கணக்கிடுவார்கள். நேரம் பிடிக்கும், ஆனால் சரியானது. இரண்டு ஏட்டிலும் அந்தக் கட்டத்தின் தலைப்பு டி.ஆர்.சி.தான். தலைப்பு ஒன்று, அளந்த விதம் வேறு! இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால் பிறகு எந்த எண்ணை நம்புவது?

இதை இரத்தப் பைக்குப் பொருத்திப் பார்ப்போம். பை செய்யும் பி.வி.சி. தன் இயல்பில் விறைப்பானது. அதை நெகிழச் செய்ய டி.இ.எச்.பி. என்னும் கரிமச் சேர்மத்தை நெடுங்காலமாகச் சேர்க்கிறார்கள். இது பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்புக் கொள்வதில்லை. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குள் கசியும். அதனால் தீங்கு வருமோ என்ற அச்சம் ஒருபுறம் இருக்க, அப்படிக் கசிவதே சிவப்பணுவின் சவ்வை உறுதிப்படுத்தி, அணு உடையாமல் காக்கிறது என்பது வேதியியல் மாணவர்களாகிய நாம் வியக்க வேண்டிய செய்தி. சி.பி.டி.ஏ. பையில் இரத்தம் 35 நாள் வரை கெடாது என்ற கணக்குக் கரைசலை மட்டும் பார்த்து எழுதியது அன்று; பையின் தாளையும் சேர்த்துச் சோதித்து எழுதியது. இனி, இணைந்த இரண்டு தொழிற்சாலைகளில் ஒன்று டி.இ.எச்.பி. சேர்த்த தாளையும், மற்றொன்று வேறு நெகிழ்விப்பானைச் சேர்த்த தாளையும் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். வரைபடம் ஒன்று, அளவு ஒன்று, பெயரும் "350 மி.லி. பை" என்பதுதான். கணக்குப் பிரிவில் உள்ளவர் இரண்டையும் ஒரே பொருள் என்று எண்ணி ஒரே எண்ணில் சேர்த்துவிட்டால் கையிருப்புக் கணக்கு அழகாகிவிடும். ஆனால் 35 நாள் என்னும் சொல் ஒரு பைக்கு மெய், மற்றதற்கு வெறும் ஊகம்.

ஆகவே எண்களைச் சேர்க்கும் வேலையைக் கணிப்பொறி அறிந்தவரிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. தாளைக் கையால் தொட்டவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இயந்திரங்களிலும் இதே கதைதான். பையின் ஓரத்தை உயர் அதிர்வெண் மின்புலத்தில் ஒட்டுகிறார்கள். பி.வி.சி. மூலக்கூறு முனைவுத்தன்மை உள்ளது. மாறும் மின்புலத்தோடு சேர்ந்து திரும்ப முயன்று உள்ளிருந்தே சூடாகி உருகி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்பது தாளுக்குத் தாள், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒட்டு நன்றாக இருக்கிறதா என்று முழுமையாக அறியப் பையைக் கிழித்துத்தான் பார்க்க வேண்டும். கிழித்த பையை விற்க முடியாது. கிருமி நீக்கமும் அப்படியே. பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் கிருமியோடு தப்பக்கூடாது என்பது அளவுகோல். பத்து லட்சம் பையைத் திறந்து பார்ப்பவர் யார்? எனவே பொருளைச் சோதிப்பதற்குப் பதிலாகச் செய்முறையைச் சோதித்து, அது தவறாது என்று முன்கூட்டியே நிரூபித்து, எழுதி வைக்கிறார்கள். ஓர் இயந்திரத்தை ஓர் ஆலையிலிருந்து இன்னோர் ஆலைக்கு நகர்த்தினால் அந்த நிரூபணத்தை மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். உலகெங்கும் இத்தொழிலார் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 13485 என்னும் தரநெறி, தர நிர்வாகத்துக்குப் பயன்படும் கணிப்பொறி மென்பொருளையும் இவ்வாறே சோதித்து மெய்ப்பிக்கச் சொல்கிறது.

மென்பொருள் என்றதும் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று கொள்முதல், கையிருப்பு, கணக்கு ஆகியவற்றைப் பார்ப்பது, இ.ஆர்.பி. என்பர். மற்றொன்று வேலை நடக்கும் இடத்திலேயே தொழிலாளியின் பக்கத்தில் நிற்பது, எம்.இ.எஸ். என்பர். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காட்டும். அளவுக் கருவியின் தவணை தவறியிருந்தால் மேலே போக விடாது. யார், எப்போது, எந்தப் பொருளைக் கொண்டு செய்தார் என்பதைப் பதியும். இணைந்த கம்பெனிகளில் ஓர் ஆலை இதை வைத்திருக்கும், இன்னோர் ஆலை காகித அட்டையில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கும். எல்லாரையும் ஒரே நாளில் ஒரே மென்பொருளுக்கு மாற்றிவிடலாம் என்று மேலிடத்தார் ஆசைப்படுவது இயல்பு. எனக்கு அது சரியாகப் படவில்லை. எண்களுக்கும் சொற்களுக்கும் பொருள் ஒன்றாகாத வரை மென்பொருளை ஒன்றாக்குவது, இரண்டு 47-ஐயும் ஒரே வரியில் எழுதுவதுதான். முதலில் சொற்கள், பிறகு செய்முறை, ஒவ்வோர் ஆலையாக, ஒவ்வொரு பொருளாகக் கடைசியில் மென்பொருள் என்று போவதே பாதுகாப்பு.

இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். பியோர்க்–ஷைலி இதய வால்வின் கதையைச் சொல்கிறேன். 1979இல் ஃபைசர் கம்பெனி அமெரிக்காவின் ஷைலி கம்பெனியை வாங்கியது. ஷைலியின் ஒருவகை வால்வு 1979 முதல் 1986 வரை உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதில் பற்றவைத்த சிறு கம்பி ஒன்று சிலருக்கு இதயத்துக்குள்ளேயே முறிந்தது. முறிந்தவை அறுநூறுக்கும் மேல், பெரும்பாலோர் இறந்தனர். கோளாறு வடிவமைப்பிலும் பற்றவைப்பிலும் இருந்தது. கம்பெனி கைமாறியதால் வந்தது அன்று. நான் சொல்ல வருவது அதற்குப் பிந்திய நிலையை. வால்வோடு உயிர் வாழ்ந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர், மறுபடி மார்பைத் திறப்பதா, இருப்பதே நல்லதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. திறப்பதிலும் உயிருக்கு ஆபத்து உண்டு. அவரவர் வால்வு எந்த அளவு, எந்த நாளில் பற்றவைத்தது என்பதைக் கொண்டே மருத்துவர்கள் ஆபத்தைக் கணக்கிட்டார்கள். அதாவது, எப்போதோ ஓர் ஆலையில் எழுதிய அட்டையைப் பல ஆண்டு கழித்து ஒரு நோயாளியின் உயிருக்காகத் தேட நேர்ந்தது. அந்த அட்டையைப் பேப்பர்காரரிடம் போட்டிருந்தால்?

பொருள் கடைக்குப் போய்விட்டது, பையில் இரத்தம் ஏறிவிட்டது, வால்வு மார்புக்குள் இருக்கிறது. அவற்றின் மேல் பொறித்திருப்பது பழைய எண். கம்பெனி தன் வீட்டில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். வெளியே போனதில் மாற்ற முடியாது. ஆகவே இத்தொழிலில் தேர்ந்தவர்கள் பழைய எண், புதிய எண் என்னும் இருபக்க அட்டவணை ஒன்றை அழியாமல் வைத்திருப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகவும் திரும்பி வரவும் வழி இருக்க வேண்டும்.

இது நம் மாவட்டத்தாருக்குப் புதிதன்று. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். என் பாட்டாவின் தகப்பனார் வாங்கிய பதினெட்டு சென்டுக்கான பத்திரம் மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டு 1124 என்று தேதியிட்டது. ஆங்கிலக் கணக்கில் அது 1948-49. வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் இப்போது யாரும் இல்லை. அதற்குப் பின் எழுதிய தமிழ்ப் பத்திரத்தில் பழைய சர்வே எண், ரீசர்வே எண் என்று இரண்டும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறது. மாவட்டமே கைமாறியும், மொழி மாறியும், நிலத்தை மறுபடி அளந்தும், அந்தப் பதினெட்டு சென்டை இன்றும் தாலுகா அலுவலகத்தில் கண்டுபிடிக்க முடிகிறது. எழுதிய குமஸ்தா யாரோ, தன் வேலை அறிந்தவர்.

சங்கத்தில் நான்கு மாதம் அலைந்த பிறகு அப்பாவுக்குப் பணம் திரும்பியது. அந்த மற்ற 47-ஆம் எண்காரர் நல்ல மனிதர். தன் பாஸ் புத்தகத்தைத் தாமே கொண்டுவந்து காட்டினார். இப்போது எல்லாருக்கும் புதிய எண் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவுடையது 212. அவருடைய பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில், அச்சிட்ட 212-க்குக் கீழே, அப்பாவே நீலப் பேனாவால் "பழைய நம்பர் 47" என்று எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டு வைத்திருக்கிறார்.