பொதுப்பணத்திற் பிறந்த செய்நிரல்

ஓர் ஆகாயவிமானத்தின் சிறகு எத்துணைப் பாரத்தைத் தாங்கும் என்பதை அது பறப்பதற்கு முன்னரே அறிந்தாக வேண்டும். நேரான மரத்தூலம் ஒன்றிற்கு இதனைக் காகிதத்திலே கணித்துவிடலாம். வளைந்தும் குறுகியும் செல்லும் சிறகிற்கு அது எளிதன்று. 1956ஆம் ஆண்டில் டர்னர், கிளஃப், மார்ட்டின், டொப் என்னும் நால்வர் இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர். வளைந்த பானையொன்றை உடைத்தால் அதன் ஒவ்வொரு சில்லும் ஏறக்குறையத் தட்டையாகவே தோன்றுமல்லவா? அதுபோலச் சிறகைச் சிறுசிறு துண்டுகளாகக் கற்பனையிலே பிரித்து, ஒவ்வொரு துண்டும் பாரத்திற்கு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்று தனித்தனியே கணித்து, பின்பு அவற்றை மூலைகளிலே மீண்டும் பொருத்துவதே அவ்வழி. அப்படிப் பொருத்தும்போது ஆயிரக்கணக்கிற் சமன்பாடுகள் பிறக்கும். அவற்றை ஒருங்கே தீர்ப்பது மனிதர் கைக்கு அடங்காது. கணினி வேண்டும், அதற்குக் கட்டளையிடும் செய்நிரலும் வேண்டும்.

அமெரிக்காவின் விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஆய்வு நிலையங்கள் 1964ஆம் ஆண்டளவில் இத்தகைய செய்நிரல்களைத் தத்தமக்கெனத் தனித்தனியே இயற்றிக்கொண்டிருந்தன. ஒரே வேலைக்குப் பலமுறை செலவிடுவானேன் என்று கருதி, யாவர்க்கும் பொதுவான ஒன்றை நாசா ஒப்பந்த அடிப்படையிற் செய்வித்தது. அதுவே நாஸ்ட்ரான். மக்னீல், ஷ்வெண்ட்லர் என்னும் இருவர் 1963இல் நிறுவிய சிறு நிறுவனமும் அப்பணியிற் பங்குகொண்டது. 1970இல் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்திலிருந்த விநியோக நிலையத்தின் வழியே நாஸ்ட்ரான் பொதுமக்களுக்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டிலேயே அச்சிறு நிறுவனம் தன் சொந்தப் பதிப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. அரசாங்கத்திடம் பெறக்கூடியதை வணிகரிடம் எதற்காக வாங்கினர்? செய்நிரல் கட்டிமுடித்த வீடு போன்றதன்று. புதிய கணினி வரும்போது அதற்கேற்பத் திருத்தவேண்டும், பிழைகளைக் களையவேண்டும், நள்ளிரவிலே கணக்கு நின்றுவிட்டால் விளக்கம் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த உழைப்புக்கே விலை கொடுத்தார்கள். என் கருத்தில் அது நியாயமான வியாபாரமே.

ஆனால் அதிலே ஒரு பிணைப்பும் இருந்தது. நாஸ்ட்ரானுக்குரிய தரவுகள் எண்பது நிரல்கள் கொண்ட துளையட்டைக்கு ஏற்ப, எட்டெட்டு எழுத்துக் கட்டங்களாக எழுதப்பட்டவை. துளையட்டைகள் மறைந்தன, அந்த வடிவம் மறையவில்லை. விமானத் தொழிற்சாலைகளிற் பல ஆண்டு உழைப்பு அவ்வடிவிலேயே குவிந்திருந்தமையால், வேறொரு செய்நிரலுக்கு மாறுவதென்றால் அவ்வளவையும் பெயர்த்தெழுத வேண்டும். இந்நிலையில், 1999ஆம் ஆண்டில், மக்னீல்-ஷ்வெண்ட்லர் நிறுவனம் உயர்தர நாஸ்ட்ரானை விற்றுவந்த வேறு இரு நிறுவனங்களையும் விலைக்கு வாங்கிவிட்டது. வாங்குவோர்க்கு வேறு கடை இல்லாமற் போயிற்று.

இதனை அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு சும்மா விடவில்லை. 2001இல் முறைப்பாடு தொடுத்தது. மறு ஆண்டில் ஏற்பட்ட இணக்கத்தின்படி, அந்நிறுவனம் தன் செய்நிரலின் மூலவரிகளையே பிரதிசெய்து போட்டியாளருக்கு வழங்க நேர்ந்தது. தொழிற்சாலையைப் பங்கிட்டாற் பழைய உரிமையாளர் பாதியை இழப்பார். செய்நிரலையோ முழுமையாக இருவரும் வைத்துக்கொள்ளலாம். இந்தப் பண்டத்தின் விசித்திரம் அது.

நாசாவும் தன்னிடமிருந்த பழைய பதிப்பொன்றை 2015ஆம் ஆண்டில் இணையத்தில் திறந்துவைத்தது. போர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட அதனை எவரும் கட்டணமின்றிப் பெற்று, வரிவரியாகப் படித்துப் பார்க்கலாம்.