ஆறு பதினைந்தா, ஆறு ஐம்பதா? காது எங்கே தடுமாறுகிறது

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகல். செந்தூலில் வழக்கம்போல் மழை. ஆங்கில ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் அவருடைய வகுப்பை நான் பார்த்துக்கொண்டேன். எஸ்.பி.எம். கேட்டல் தாளுக்கான பயிற்சி ஒலிப்பதிவு ஓடியது. ரயில் எத்தனை மணிக்குப் புறப்படும் என்பது ஒரு கேள்வி. ஒலிப்பதிவில் சொன்னது 6.50. வகுப்பில் இருந்த 32 பேரில் 14 பேர் 6.15 என்று எழுதியிருந்தார்கள்.

'ஃபிஃப்டி', 'ஃபிஃப்டீன்' இரண்டுக்கும் பொருள் தெரியாதவர் அந்த வகுப்பில் ஒருவரும் இல்லை. அப்படியானால் இது சொல்வளக் குறை அல்ல. ஒலி காதுக்குள் போகும் வழியில் எங்கேயோ தவறியிருக்கிறது. காது என்றால் அது என் பாடம் அல்லவா? அதனால்தான் இந்த வாரம் அறிவியல் பகுதியில் ஆங்கிலத் தேர்வைப் பற்றி எழுதுகிறேன்.

மாணவர்களே, 2021ஆம் ஆண்டு எஸ்.பி.எம். முதல் ஆங்கிலத்தில் கேட்டல் தனித் தாளாகிவிட்டது. வாசிப்பு, எழுத்து, பேச்சு ஆகியவற்றோடு அதுவும் நான்கில் ஒன்று. 30 கேள்விகள், ஒவ்வொரு பதிவும் இரண்டு முறை ஒலிக்கும். பல்கலைக்கழகம் செல்வோர் எழுதும் மூவெட் தேர்விலும் 2021 முதல் மொத்தம் 360 புள்ளிகளில் 90 கேட்டலுக்கு. முன்பு அதற்கு 15 விழுக்காடுதான். ஐயெல்ட்ஸ் எழுத நினைப்பவர்களுக்கு இன்னும் கடினம். அங்கே பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும்.

முதலில் காதைப் பார்ப்போம். செவிப்பறையின் அதிர்வு மூன்று சிற்றெலும்புகள் வழியே நத்தை வடிவ உட்காதுக்குப் போகிறது. அங்கே ஏறக்குறைய 15,000 மயிர் உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. கீச்சென்ற உயர் ஒலிகள் நத்தையின் வாசலிலேயே அலையை எழுப்பும். தாழ்ந்த ஒலிகள் உள்ளே சுருள் முடியும் இடம்வரை போகும். இந்த அலை ஓட்டத்தைக் கண்டு விளக்கியவர் ஹங்கேரியில் பிறந்த கியார்க் வான் பெக்கெஷி. அதற்காக 1961இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பேச்சில் உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அவை உரக்கக் கேட்கும். 'எஸ்', 'எஃப்' போன்ற மெய்யொலிகளோ மெல்லியவை. 'எஸ்' ஒலியின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிடக்கிறது. பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது "எஸ் ஃபார் சிங்கப்பூர்" என்று ஏன் சொல்கிறோம் என்று இப்போது புரிகிறதா?

என் தாத்தா இளமையில் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு அடித்தவர். வயதான பிறகு "பசிக்குதா தாத்தா?" என்று கேட்டால், "படிக்குதா? யாரு படிக்குது?" என்பார். நாங்கள் சிரித்துவிட்டு இன்னும் கத்துவோம். "கத்தாதே, தெளிவா சொல்லு" என்று கோபித்துக்கொள்வார். அவர் சொன்னதுதான் சரி. உயிரொலி அவருக்கு நன்றாகவே கேட்டது. இடையில் இருந்த 'ச' மட்டும் காணாமல் போயிற்று.

1886இல் கிளாஸ்கோ நகரின் காது மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்தார். ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை. பேரிரைச்சலில் முதலில் தேய்வது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளுக்கான மயிர் உயிரணுக்கள். மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

பட்டறைக்குப் போகாத உங்களுக்கு இது எதற்கு? செந்தூல் தீமோர் எல்.ஆர்.டி.யில் ஏறி இயர்போனை மாட்டிக்கொண்டு பயிற்சிப் பதிவு கேட்பவர்கள் இருக்கிறீர்கள். ரயில் இரைச்சலை மறைக்க ஒலியைக் கூட்டுவீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலி ஆற்றல் இருமடங்காகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், விடை வரும். தேர்வுக்குத் தயாராகிறேன் என்று தேர்வுக்கு வேண்டிய காதையே தேய்க்கலாமா? வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, குறைந்த ஒலியில் கேளுங்கள்.

இனி மூளை. 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். நம்முடைய த, ட போன்ற இந்தி ஒலி இணை ஒன்றை ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் எளிதாகப் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கியதும் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. வீட்டு மொழிக்கு வேண்டாத வேறுபாட்டை மூளை ஒதுக்கிவிடுகிறது.

நாமும் அப்படித்தான். 'பாம்பு' என்று சொல்லுங்கள். முதல் 'ப'வும் இரண்டாவது 'பு'வும் ஒரே ஒலியா? இல்லை, ஆனால் ஒரே எழுத்தால் எழுதுகிறோம், அது நம்மை உறுத்துவதே இல்லை. இப்போது ஒரு டிஷ்யூ தாளை வாய்க்கு முன் பிடித்து 'பாம்பு' சொல்லுங்கள். தாள் அசைவது தெரியாது. ஆங்கிலச் செய்தி வாசிப்பவரைப் போல 'பார்க்' சொல்லுங்கள். தாள் பறக்கும். உதடு திறந்து குரல் தொடங்கும் வரை ஆங்கிலேயர் விடும் அந்த மூச்சு சுமார் 60 மில்லிநொடி நீளும். 1964இல் லிஸ்கரும் ஆப்ரம்சனும் இந்த இடைவெளியை அளந்த 11 மொழிகளில் தமிழும் ஒன்று. ஆங்கிலேயர் மூச்சின்றிச் சொல்லும் 'பி'யை நம் காது சில வேளை நம் 'ப'வாக எடுத்துக்கொள்கிறது. கரடியும் பேரிக்காயும் குழம்புவது இப்படித்தான்.

ஆனால் தமிழ்க் காதுக்கு ஒரு பலமும் உண்டு. பல், பால், கல், கால். குறிலையும் நெடிலையும் நாம் தூக்கத்தில்கூடப் பிரிப்போம். 'ஃபிஃப்டி' குறிலாக முடிகிறது, 'ஃபிஃப்டீன்' நெடிலும் 'ன்'னும் சேர்ந்து முடிகிறது. அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். அடுத்து ஒரு பெயர்ச்சொல் வந்தால் அந்த அழுத்தம் இடம் மாறக்கூடும். நீளத்தைப் பிடித்துக்கொள்வது எனக்கு நம்பகமாகத் தெரிகிறது.

சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லையே என்று புலம்புகிறீர்கள். நாம் மட்டும் விடுகிறோமா? 'வந்துகொண்டு இருக்கிறேன்' என்பதை 'வந்துட்ருக்கேன்' என்கிறோம். 'கோயிங் டு' 'கனா' ஆவதும் அதே சோம்பல்தான்.

பயிற்சிக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 'ஆர்', 'எல்' இரண்டையும் பிரிக்கத் திணறிய ஜப்பானியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பலருடைய குரல்களில் கேட்டுப் பழகியவர்கள் புதிய குரலிலும் பிரித்தறிந்தார்கள். ஒரே குரலில் பழகியவர்களுக்கு அந்தக் குரலைத் தாண்டி அது அவ்வளவாக உதவவில்லை. ஆகவே ஒரே யூடியூப் ஆசிரியரையே நாள் முழுவதும் கேட்காதீர்கள். பி.எஃப்.எம். 89.9, டிராக்ஸ் எஃப்.எம்., பிபிசி என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

இரண்டு நிமிடத் துண்டு போதும். முதலில் எழுத்து வடிவம் பார்க்காமல் கேளுங்கள். மறுபடி கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறிய ஒவ்வொரு இடத்திலும் காரணத்தைக் குறியுங்கள்: சொல் தெரியவில்லையா, தெரிந்த சொல்லின் ஒலி பிடிபடவில்லையா, கவனம் சிதறியதா? இந்தக் குறிப்புதான் முக்கியம். வெறுமனே பத்துப் பதிவுகள் கேட்பதால் பெரிய பயன் இல்லை. தேர்வில் ஏழாம் கேள்வி தவறிவிட்டால் விட்டுவிடுங்கள். கேட்ட ஒலி நினைவில் சில நொடிகள்தான் அப்படியே தங்கும். அதைத் துரத்தினால் எட்டும் ஒன்பதும் போய்விடும். இரண்டாவது ஒலிபரப்பு எதற்கு இருக்கிறது?

மூன்று வாரம் கழித்து அதே வகுப்பில் அதே மாதிரிப் பதிவைப் போட்டோம். தவறாக எழுதியவர்கள் 3 பேர். அதில் ஒரு மாணவி எப்போதும் வலது பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்பதைக் கவனித்தேன். அரசு கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்படி அவள் அம்மாவிடம் சொன்னேன். இடது காதில் குறும்பி அடைத்திருந்தது. சுத்தம் செய்து அனுப்பினார்கள். மறுநாள் வகுப்பில் மேலே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், இந்தக் காத்தாடி எப்பவுமே இவ்வளவு சத்தமா?"