யோபுவுக்குக் கிடைக்காத விடை

கேரளத்தின் காரக்கோணத்திலிருந்து எல்லையைத் தாண்டித் தமிழகப் பக்கம் வந்தால், அதிகத் தொலைவில்லாமல் நட்டாலம். 1712-இல் அங்கே பிறந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியாளர். ஒரு கட்டத்தில் மாடுகள் மடிந்தன, பயிர் பொய்த்தது. மனமுடைந்து நின்றவருக்கு, மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் பணிபுரிந்த, முன்பு டச்சுப் படையில் இருந்த டிலனாய் சொன்னது விவிலியத்தில் வரும் யோபுவின் கதை.

அது ஆறுதல் தரும் விதமே விசித்திரமானது. குற்றமற்ற யோபு பிள்ளைகளையும் மந்தைகளையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்து 'ஏன்?' என்று கேட்கிறார். 'நீ பாவம் செய்திருப்பாய்' என்கிறார்கள் நண்பர்கள். 38-ஆம் அதிகாரத்தில் பெருங்காற்றிலிருந்து பேசும் கடவுளோ காரணம் எதுவும் சொல்வதில்லை. கடலையும் விண்மீன்களையும் வரையாடு குட்டி போடும் காலத்தையும் பற்றி அடுக்கடுக்காகக் கேட்கிறார். விடை கிடைக்காமலே யோபு அமைதியடைகிறார்.

இறுதியில் கடவுள் கண்டிப்பது நண்பர்களைத்தான். பிறர் துயரத்துக்குச் சட்டென்று காரணம் சொல்லிவிடுபவர்கள் இந்த இடத்தை அவசியம் படிக்க வேண்டும்.

நீலகண்டபிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். பின்னர் சிறை, சித்திரவதை. 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கல்லறை கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் உள்ளது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.